மிளகின் பெயரில் வந்த மிளகாய்



வழக்கமாக நான் விதை நேர்த்தி, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிறவன். இன்றைக்குக் கொஞ்சம் பழங்கதை பேசலாம் என்று இருக்கிறேன். கட்டுக்கதை இல்லை, நடந்த வரலாறு. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியின் வரலாறு.

பெட்டியைத் திறந்து பாருங்கள். கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள். பக்கத்து டப்பாவில் மல்லி, வத்தல், ஒரு கட்டிப் பெருங்காயம். எல்லாம் தலைமுறை தலைமுறையாக நம் மண்ணில் இருந்தவை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் விஷயம் அப்படி இல்லை. மல்லி, சீரகம், வெந்தயம் ஆகியவற்றின் பூர்வீகம் மத்தியதரைக் கடல் பக்கமும் மேற்கு ஆசியாவும். அவை வந்து சேர்ந்து ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகின்றன. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் மலைகளில் விளையும் ஒரு செடியின் வேர்ப் பால். அதை நம் நாட்டில் சாகுபடி செய்யும் முயற்சியே 2020-ஆம் ஆண்டில்தான் இமாசலப் பிரதேசத்து லாகூல் பள்ளத்தாக்கில் தொடங்கியது. மிளகும் ஏலமும் நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தப் பிள்ளைகள்.

சரி, மிளகாய்? அதுதான் இந்தப் பெட்டிக்குக் கடைசியாக வந்த விருந்தாளி. வந்து ஏறத்தாழ ஐந்நூறு வருஷம்தான் ஆகிறது!

பொன்னுக்கு மாறிய மிளகு

மிளகாய் வருவதற்கு முன்னே நமக்குக் காரம் கொடுத்தது மிளகுதான். "பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை.

எகிப்து நாட்டை ஆண்ட இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் பாடம் செய்த உடலில், மூக்குத் துவாரத்தில் மிளகு வைக்கப்பட்டிருந்தது. அவன் இறந்து மூவாயிரத்து இருநூறு வருஷங்கள் ஆகின்றன. கேரளத்துக் கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்த முசிறித் துறைக்கு யவனரின் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, ஒரு கோயிலில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அது இருந்த ஜாடியும் இந்தியாவில் செய்ததுதான். கி.பி. 408-இல் ரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக் என்ற படைத்தலைவன், விலகிப் போவதற்குக் கேட்ட பொருள்களில் பொன், வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் ஒன்று!

இவ்வளவு விலை இருந்தால் கலப்படம் வராமல் இருக்குமா? ரோமாபுரி எழுத்தாளர் பிளினி, மிளகில் வேறொரு மரத்தின் காயைக் கலக்கிறார்கள் என்று ஆயிரத்து தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்குப் பப்பாளி விதையைக் கலக்கிறார்கள். காய்தான் மாறியிருக்கிறது, கை மாறவில்லை.

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

இந்த மிளகு விளையும் நாட்டுக்குக் கடல் வழி தேடித்தான் ஐரோப்பியர் கிளம்பினார்கள். கொலம்பஸ் 1492-இல் மேற்கே போனார். இந்தியாவுக்குப் பதில் அமெரிக்கத் தீவுகளில் இறங்கினார். அங்கே மிளகு இல்லை. ஆனால் அந்த ஊர் மக்கள் சிவப்பாக ஒரு பழத்தைச் சாப்பாட்டில் சேர்த்தார்கள். கடித்தால் மிளகைவிடக் காரம். மெக்சிகோ பக்கத்துக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பயிரிட்டு வந்த மிளகாய்தான் அது. ஸ்பானியர்கள் மிளகின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள்.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். 1510-இல் போர்ச்சுக்கீசியர் கோவாவைப் பிடித்தார்கள். அந்த நூற்றாண்டிலேயே அவர்கள் கப்பலில் மிளகாய் இங்கே வந்து இறங்கியது. நம் ஆட்களும் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அட, இது மிளகு மாதிரி உறைக்கிற காயப்பா" என்று மிளகுக் காய், மிளகாய் என்றார்கள். தெலுங்கில் மிளகு மிரியாலு, மிளகாய் மிரபகாய. கன்னடத்தில் மெணசு, மெணசினகாயி. மலையாளத்தில் இன்னும் வேடிக்கை: முளகு என்ற பெயரை மிளகாயே எடுத்துக்கொண்டது. பழைய மிளகுக்குக் குருமுளகு என்று அடையாளம் சொல்ல வேண்டி வந்துவிட்டது!

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. அழகர்கோயில் தோசையிலும் காஞ்சிபுரம் கோயில் இட்லியிலும் மிளகுதான் காரம். பல வீடுகளில் திவசச் சமையலுக்கு மிளகாய் சேர்க்க மாட்டார்கள். மிளகாய் வருவதற்கு முந்தைய நம் சமையல் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஏழையின் காரம்

பின்னால் வந்த மிளகாய் எப்படி முந்திக்கொண்டது? இதற்கு விவசாயிதான் பதில் சொல்ல வேண்டும்.

மிளகுக் கொடிக்கு மலைச்சாரல் வேண்டும், நல்ல மழை வேண்டும், படர மரம் வேண்டும். நட்டவன் மூணு, நாலு வருஷம் காத்திருக்க வேண்டும். மிளகாய்க்கு அந்த ராஜ உபசாரம் எதுவும் தேவையில்லை. புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைத்தால் தை, மாசியில் பழம் எடுக்கலாம். கரிசலிலும் வரும், கொல்லைப்புறத்தில் குப்பை மேட்டிலும் வரும். மன்னர்களும் வியாபாரிகளும் சண்டை போட்ட காரம், ஒரு கைப்பிடி விதையில் குடியானவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கஞ்சிக்குக் கடித்துக்கொள்ள அவனுக்கு ஒரு பச்சை மிளகாய் போதும்.

காரத்திலும் வித்தியாசம் உண்டு. மிளகின் காரம் பிப்பரின் என்ற பொருளால் வருவது. மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற பொருளால். பலரும் நினைப்பதுபோல் கேப்சைசின் விதையில் உண்டாவதில்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில்தான் உண்டாகிறது. அது தண்ணீரில் கரையாது. அதனால்தான் வாய் எரியும்போது தண்ணீர் குடித்து அடங்குவதில்லை. மோர் குடித்தால் அடங்குகிறது. மிளகாய் கடித்தால் ஏன் சுடுகிறது என்று ஆராயப் போய், உடம்பில் சூட்டை உணரும் வாயிலையே கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானி 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளுக்கு இந்த எரிச்சல் தெரியாது. கிளி மிளகாய்ப் பழத்தை ரசித்துத் தின்கிறதே, அதன் ரகசியம் இதுதான். விதையைப் பரப்ப மிளகாய்ச் செடி பறவையை நம்பியிருக்கிறது.

எங்கள் களத்தில் நடந்தது

எங்கள் குடும்பமும் மிளகாய்க் குடும்பம்தான். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். அப்பா பழத்தை மண் களத்தில் காயப் போட்டிருந்தார். ராத்திரி எதிர்பாராத மழை. அவசரத்தில் ஈரத்தோடு அள்ளிக் குவித்துச் சாக்கைப் போட்டு மூடிவிட்டோம். நாலாம் நாள் திறந்தால் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசணம். அதைத் துடைத்து நல்ல வத்தலோடு கலந்து மூடை போட்டோம். கமிஷன் கடைக்காரர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். "மொத்தமும் சண்டு வத்தல்" என்று ஒதுக்கிவிட்டார். நல்ல வத்தலுக்கும் விலை போயிற்று. அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அந்தப் பூசணத்தில் விலையைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது என்பதைப் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து வரும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். குழம்பில் கொதித்தாலும் போகாது. வெளிநாடுகளில் இதைச் சோதித்துச் சரக்கையே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

2003-இல் நம் நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன மிளகாய்த் தூளில் சூடான் என்ற சாயம் பிடிபட்டது. 2005-இல் அதே காரணத்துக்காகப் பிரிட்டனில் நானூறுக்கும் மேற்பட்ட உணவுப் பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். செடியில் சாயம் காய்ப்பதில்லை. பழுத்தபோது இல்லாத சாயம், தூளானபோது வந்தது. ஆனால் கெட்டது நம் மிளகாயின் பெயர்.

ஆகவே, நம் கையில் இருப்பதை நாம் சரியாகச் செய்வோம். செடியிலேயே நன்றாகப் பழுத்ததை எடுங்கள். மண்ணில் போடாமல் சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ பரப்புங்கள். அடிக்கடி கிளறிவிடுங்கள். சாயங்காலம் பனி விழுமுன் மூடிவிடுங்கள். கையில் எடுத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். எடைக்காகத் தண்ணீர் தெளிக்கவே தெளிக்காதீர்கள். அந்தத் தண்ணீரில்தான் பூசணம் முளைக்கிறது.

விதையையும் காப்பாற்றுங்கள். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை முண்டு விதையை வருஷா வருஷம் எடுத்து வைத்த மானாவாரி விவசாயிக்குத்தான் சேரும். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே.2 ரகத்துக்கும் ஒரு பெற்றோர் நம்ம சாத்தூர் சம்பாதான். இலை சுருண்ட செடியில் விதைக்குப் பழம் எடுக்காதீர்கள். தேனீக்கள் மகரந்தத்தைக் கடத்திவிடும், ஆகையால் விதைக்கு விடும் செடிகளின் பக்கத்தில் வேறு ரகம் வேண்டாம்.

மெக்சிகோவில் பிறந்த செடிக்கு முண்டு என்றும் சம்பா என்றும் தமிழில் பெயர் வைத்து, ஏறத்தாழ ஐந்நூறு வருஷத்தில் நம் வீட்டுப் பிள்ளையாக்கியது யார்? கப்பலில் கொண்டுவந்தவன் இறக்கிவிட்டுப் போய்விட்டான். வளர்த்தவர்கள் உங்கள் பாட்டனும் பூட்டியும்தான். அவர்கள் சம்பாதித்துக் கொடுத்த பெயரை ஒரு ராத்திரி ஈரத்தில் நாம் இழந்துவிடக் கூடாது.