நலத்தை அளந்த வரலாறு

மனநோய் மருத்துவமனைகளின் பழைய ஏடுகள் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் வீடு திரும்பினர் என்று கணக்குரைக்கும். திரும்பியவர் நன்கு உறங்கினாரா, உற்றார் அவரோடு உறவாடினரா என்பதை அவை அறியா.

1948-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், நோயின்மை மட்டுமே நலமன்று என வகுத்தது. வாழ்க்கை நலத்தை அளக்கும் கோலொன்றை உருவாக்கும் பணியை அந்நிறுவனம் 1991-ல் தொடங்கிற்று. பங்குகொண்ட 15 மையங்களுள் சென்னையும் புதுடில்லியும் இருந்தன. ஆங்காங்கு மக்களிடம் கேட்டறிந்தே வினாக்கள் வகுக்கப்பெற்றன. முதலில் 100 வினாக்கள். பின்னர் அவை 26 ஆகச் சுருங்கின. உடல், உள்ளம், உறவு, சூழல் என்னும் நான்கையும் அவை தொடுகின்றன.

எல்லார்க்கும் பொதுவான இக்கோல் மனநோயுற்றோர்க்கும் பயன்பட்டு வருகிறது. கடந்த இரு வாரங்கள் எவ்வாறு கழிந்தன என்பதற்கு விடை கூறுபவர் மருத்துவர் அல்லர், நோயுற்றவரே. மனங்கலங்கியவர் சொல்லை நம்பலாமா என நாம் ஐயுறலாம். நோய் மிக்க வேளையில் விடை பெறுதல் அரிதே. தணிந்தபின் பலர் தெளிவாகவே கூறுகின்றனர். அவர்தம் மதிப்பீடு மருத்துவர் மதிப்பீட்டினின்றும் வேறுபடுவதும் உண்டு. அவ்வேறுபாடே அவரைக் கேட்க வேண்டியதன் காரணம்.

பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நாம் ஒன்றை நன்கறிவோம்: தாய்மொழியில் கேட்கப்படும்போதுதான் உள்ளத்து நிலை முழுதும் வெளிப்படுகிறது. ஆதலின், நோயுற்ற நம்மவரை அவர் மொழியிலேயே கேட்போம். விடையைப் பொறுமையுடன் செவிமடுப்போம்.