சிவப்பு முகமும் தூக்கிய புருவமும்

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எழுதுவது நம் வட்டத்தில் கௌரவமான காரியமல்ல. கூத்தைப் பற்றி எழுதலாம், அதற்கு ந. முத்துசாமி வழி செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான கிராமங்களில் இரண்டையும் பார்க்கிறவர்கள் ஒரே ஜனங்கள்தான். திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் துரியோதனனை விடிய விடியப் பார்த்தவர்கள், 2013இல் விஜய் டிவியில் தமிழ் பேசிக்கொண்டு வந்த துரியோதனனையும் பார்த்தார்கள். இந்த இரண்டு முகங்களுக்கும் இடையில் என்ன நேர்ந்தது என்று யோசிப்பது வீண் வேலையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒப்பனை வில்லனின் உள்ளத்தைக் காட்டுகிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். கூத்தில் இது உண்மையா? துரியோதனனுக்கும் துச்சாதனனுக்கும் முகம் சிவப்பு. அதன்மேல் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள், கோடுகள். தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம். எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில் பதித்தவை. கட்டைக்கூத்து என்ற பெயரே இவற்றிலிருந்து வந்ததுதான். காஞ்சிபுரத்துப் பக்கத்தில் 1990இல் கலைஞர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கமும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. ஆனால் கர்ணனுக்கும் அர்ச்சுனனுக்கும்கூட இதே கட்டைதான். இவன் கெட்டவன் என்று பிரித்துச் சொல்லும் வேலையைக் கட்டை செய்வதில்லை. தீவட்டி வெளிச்சத்திலும் பின்னால் காஸ் லைட் வெளிச்சத்திலும் கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு ஒரு மனிதனை ராஜாவாகக் காட்ட வேண்டும். கூத்தின் ஒப்பனை முதலில் தருவது அளவை. குணம் பிறகு வருகிறது.

அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது? கூத்தாடி தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்கிறார். கையில் ஒரு சின்னக் கண்ணாடி, முத்துவெள்ளை, செந்தூரம், மை, கொஞ்சம் தேங்காயெண்ணெய். சொந்த முகம் விரலுக்கடியில் மறைந்துகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் மாறுவது பார்ப்பவர் மனமல்ல, அவர் மனம். பிறகு இரண்டு பேர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறார். குரல் முதலில் வருகிறது, முகம் பின்னால் வருகிறது. துகிலுரிதலில் துச்சாதன வேஷக்காரர் சேலையில் கை வைக்குமுன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. முகத்திலுள்ள சிவப்பு அப்போதும் அப்படியே இருக்கிறது. அதற்குள்ளிருந்து கும்பிடுகிறவன் வேறொருவன். விடியும்போது வியர்வையில் புள்ளிகள் கரைந்து கழுத்துக்கு இறங்கியிருக்கும். பதினெட்டாம் போரில் தனியாக நிற்கும் துரியோதனனுக்கு இதைவிடப் பொருத்தமான ஒப்பனையை யாரும் போட்டுவிட முடியாது.

கதகளியில் நிறத்துக்கு நேரான அர்த்தமுண்டு. அங்கேயும் ராவணனும் துரியோதனனும் கத்தி வேஷம்: உயர்ந்தோருக்குரிய பச்சையின்மேலேயே கத்தி வடிவில் சிவப்பு ஏறுகிறது, மூக்கு நுனியில் வெள்ளைக் குமிழ். பச்சையை அழித்துவிட்டுச் சிவப்பை எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உயர்வும் அதைத் தின்னும் அகங்காரமும் ஒரே கன்னத்தில் இருக்கின்றன.

காமிரா பக்கத்தில் வந்ததும் இந்த ஏற்பாடு குலைந்தது. 1951இல் ‘பாதாள பைரவி’யில் எஸ்.வி. ரங்காராவ் நேபாள மாந்திரிகனாக வந்தபோது தாடிக்கும் கண்மைக்கும் நிகராக அவருடைய குரலும் நடையும் இருந்தன. தொலைக்காட்சிக்கு அந்த அவகாசமில்லை. வாரம் ஒருமுறை, அரை மணியோ ஒரு மணியோ. நடுவில் வந்து உட்காருகிறவனுக்கும் புரிய வேண்டும். தூர்தர்ஷனில் 1994இல் தொடங்கிய ‘சந்திரகாந்தா’ தேவகிநந்தன் கத்ரியின் 1888ஆம் வருஷத்து நாவலிலிருந்து வந்தது. அதில் குரூர் சிங்குக்குப் பெயரே தீர்ப்பு. அது போதாதென்று கொம்பு முளைத்ததுபோல் மேல்நோக்கித் தூக்கிய புருவம். அகிலேந்திர மிஸ்ராவின் நடிப்பில் அந்தப் பாத்திரம் பிரியத்துக்குரியதாகவே ஆனது; ஆனால் அது கேலிச்சித்திரத்தின் மீது வருகிற பிரியம். பாரதக் கதைக்குப் பின்னால் ஊரறிந்த ஞாபகம் இருக்கிறது. மாயாஜாலத் தொடருக்கு அது கிடையாது. ஞாபகம் செய்ய வேண்டியதைப் புருவம் செய்கிறது. விதிவிலக்கு உண்டு. 1988–90 ‘மகாபாரத’த்தில் கூஃபி பைண்டலின் சகுனி நொண்டலையும் ஒரு கண்ணின் சுருக்கத்தையும் வைத்துக்கொண்டே காரியத்தை முடித்தார். பூச்சை அவர் நம்பவில்லை.

இது ரசனைப் பிரச்னை மட்டும் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். நாள் முழுக்க வங்கிக் கவுண்டருக்குப் பின்னாலிருந்து முகங்களைப் பார்ப்பது என் பிழைப்பு. நிலம் விற்ற பணம் கணக்கில் ஏறியதையும், சில மாதங்களில் அது காணாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவரைக் கையெழுத்துப் போட அழைத்து வந்த தரகருக்கு நன்றாகச் சவரம் செய்த முகம், பவுடர் வாசனை, நெற்றியில் விபூதி. அவரைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். நானும் அவரை நல்லவர் என்றுதான் நினைத்தேன். கெடுதல் தன் புருவத்தைத் தூக்கிக் காட்டும் என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். தூக்காத புருவத்தின்முன் நாம் நிராயுதபாணிகள்.

பாரத விழாவின் கடைசி நாள் படுகளம். வெட்ட வெளியில் துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்து, கண்ணும் மீசையும் எழுதி, வண்ணம் பூசுகிறார்கள். ஊரே சேர்ந்து போடும் ஒப்பனை அது. பீமன் தொடையைப் பிளக்கிறான். திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அதற்குப் பிறகு துரியோதனனுக்காக ஒப்பாரி வைக்கிறார்கள். கூட்டம் கலையும்போது அந்த உடம்பிலிருந்து ஒரு பிடி மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களும் உண்டு. குரூர் சிங்கிடமிருந்து எடுத்துப் போக எதுவுமில்லை. சென்ற வருஷம் நான் பார்த்த படுகளத்தில், இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பையன் ஒருவன், அடையாள அட்டை கழுத்தில் தொங்க, குனிந்து அந்த மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். அவன் வீட்டில் இப்போது வயல் இல்லை.