கலரியும் பல்கனியும்: யாழ்ப்பாணப் படமாளிகைகளின் சமூக வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

அண்மைக் காலத்திலே பழைய படமாளிகைகள் பற்றிய நினைவுக் குறிப்புகள் தமிழிற் பெருகி வருகின்றன. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தோர், சிறப்பாகப் புலம்பெயர்ந்து வாழ்வோர், தமது இளமைக்காலத்துப் படமாளிகைகளான றீகல், வெலிங்டன், வின்சர், ராஜா, ராணி, மனோகரா, சிறீதர் ஆகியவற்றின் பெயர்களை வாஞ்சையோடு நினைவுகூர்கின்றனர். முதல்நாட் காட்சிக்கு வரிசையில் நின்றமை, சைக்கிளில் இருவராகச் சென்றமை, இடைவேளையிற் கச்சான் வாங்கியமை, பாட்டுப் புத்தகத்தைப் பத்திரப்படுத்தியமை முதலியன இக்குறிப்புகளிலே திரும்பத் திரும்ப இடம்பெறுவன. அவற்றோடு ஒரு கூற்றும் தவறாது இடம்பெறும்: அக்காலத்தில் எல்லாரும் ஒன்றாக இருந்து படம் பார்த்தனர் என்பதே அது.

நனவிடை தோய்தல் மனித இயல்பு. அதிற் குறைகாண்பது எமது நோக்கமன்று. எனினும், நினைவு வரலாறாக ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு முன்னர்ச் சில வினாக்களுக்கு அது விடைதரல் வேண்டும். மேற்காட்டிய கூற்றில் வரும் ‘எல்லாரும்’ யாவர்? அவர்கள் ‘ஒன்றாக’ இருந்தமை எத்தகையது? இவ்விரு வினாக்களையும் யாழ்ப்பாணத்துச் சமூக அமைப்பின் பின்னணியில் நோக்குவதே இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

1. மூலதனமும் மாளிகையும்

இலங்கையில் அசையும் படம் 1901 இல், போவர் யுத்தத்திற் சிறைப்பிடிக்கப்பட்டு இங்கு கொணரப்பட்டோருக்காக முதன்முதலிற் காட்டப்பட்டதென்பர். அதனையடுத்த இரு தசாப்தங்களில் ஊர் ஊராகச் சென்ற கூடாரக் காட்சிகளே பெரும்பான்மையான மக்களுக்குச் சினிமாவை அறிமுகஞ் செய்தன. நிலையான படமாளிகைகளின் பெருக்கம் ஒழுங்கமைந்த மூலதனத்தின் வருகையோடு தொடர்புடையது. 1928 இல் சிற்றம்பலம் ஏ. கார்டினர் நிறுவிய சிலோன் தியேட்டர்ஸ் இதில் ஒரு திருப்புமுனையாகும். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் கே. குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிட்டெட் இத்துறையிற் காலூன்றியது. இவை போன்ற ஓரிரு பெருநிறுவனங்களே இறக்குமதி, விநியோகம், காட்சிப்படுத்தல் ஆகிய மூன்றையும் நீண்டகாலம் தம் கைவசம் வைத்திருந்தன.

மௌனப்படக் காலத்திற் பார்வையாளர் மொழிவாரியாகப் பிரிந்திருக்கவில்லை. 1931 இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ப் பேசும்படம் தோன்றியதும் நிலைமை மாறிற்று. இலங்கைத் தமிழ்ப் பார்வையாளர் சென்னைத் தயாரிப்புகளின் சந்தையாயினர். முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொறொந்துவ’ 1947 இல் வெளியாயிற்று. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். ஆனால் இலங்கைத் தமிழ்த் திரைப்படம் 1960களின் முற்பகுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தமிழ் மூலதனம் சிங்களப் படத்தைத் தயாரிக்க முன்வந்து, தமிழ்ப் படத்தைத் தயாரிக்கத் தயங்கியமை முரணாகத் தோன்றலாம். பொருளியல் நோக்கில் அது முரணன்று. சிங்களப் படத்தை இங்கு தயாரித்தே ஆகவேண்டும். தமிழ்ப் படமோ சென்னையிலிருந்து ஆயத்தமாகவே வந்திறங்கியது. எனவே யாழ்ப்பாணத்துப் படமாளிகை, தொடக்கத்திலிருந்தே, பிறரது கனவுகளைக் காட்டும் இடமாக அமைந்தது.

2. ஆசனம் என்னும் பிரச்சினை

தமிழ்ச் சமூகத்தில் எல்லாத் தரத்தினரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரு கலைநிகழ்வைக் கண்ட முதலிடம் சினிமா மண்டபமே என்றும், அங்கு ஆசனத்தைத் தீர்மானித்தது பிறப்பன்று, வாங்கும் சக்தியே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். இக்கருத்தின் முழுத் தாக்கத்தையும் உணர்வதற்கு யாழ்ப்பாணத்தில் ‘ஆசனம்’ என்பது எத்தகைய பிரச்சினையாக இருந்ததென்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதி மாணவர்க்கும் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டுமென 1929, 1930 ஆம் ஆண்டுகளில் வற்புறுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்துச் சாதிமான்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் தேநீர்க்கடைகளின் கதவுகளும் கோயில்களின் கதவுகளும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனையடுத்துத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் முன்னெடுத்த தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968 இன் மாவிட்டபுர ஆலயப் பிரவேசப் போராட்டமும் இந்நிலைமையினை உடைக்க வேண்டியிருந்தன.

இதே காலப்பகுதியிலேதான் யாழ் நகரத்துப் படமாளிகைகள் தமது செழிப்பின் உச்சத்தை நோக்கி நகர்ந்தன. தேநீர்க்கடையிலே குவளை மறுக்கப்பட்ட ஒருவன், சில யார் தூரத்திலிருந்த படமாளிகையின் சீட்டு யன்னலிற் காசைக் கொடுத்தால் உள்ளே செல்லலாம். அங்கே அவனது ஊரோ பெயரோ கேட்கப்படுவதில்லை. வணிகத்தின் தர்க்கம் சாதியின் தர்க்கத்தை ஒரு மண்டபத்தின் அளவிலேனும் பின்தள்ளிற்று. இது முற்போக்காளரின் போராட்டத்தால் விளைந்ததன்று. படமாளிகை உரிமையாளரின் பெருந்தன்மையால் விளைந்ததுமன்று. சந்தையின் இயல்பினால், எவரும் அறிவிக்காமலே நிகழ்ந்த மாற்றம் அது.

ஆயினும் இதனைச் சமத்துவம் என வருணித்தல் பொருந்தாது. கலரி, இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு, பல்கனி என மண்டபம் விலையால் வகுக்கப்பட்டிருந்தது. கலரிக்குரியவை முதுகுசாயும் வசதியற்ற வாங்குகள். பல படமாளிகைகளில் அதற்குத் தனிவாயிலும் உண்டு. கோயிலிலே மூலஸ்தானத்தை அணுகி நிற்பது உயர்வின் அடையாளம். படமாளிகையிலோ இது தலைகீழாயிற்று: திரையை அண்மித்து இருப்பவன் தாழ்ந்தவன், விலகி உயரத்தில் இருப்பவன் உயர்ந்தவன். படிநிலை அழியவில்லை, அதன் அளவுகோல் மாறிற்று. சாதியும் வறுமையும் பெரிதும் ஒன்றன்மேலொன்றாகப் படிந்திருந்த ஒரு சமூகத்தில் கலரியில் இருந்தோர் யார், பல்கனியில் இருந்தோர் யார் என்பது ஊகித்தறியக் கடினமானதன்று. அதேவேளை, அளவுகோல் மாறியமை அற்பமான மாற்றமுமன்று. பிறப்பை மாற்ற முடியாது. கூலி கிடைத்த நாளில் இரண்டாம் வகுப்புக்குச் சீட்டு வாங்கலாம்.

3. கலரியின் குரல்

படமாளிகை வெறுமனே பார்க்கும் இடமாக இருக்கவில்லை. கேட்கும் இடமாகவும் குரல் எழுப்பும் இடமாகவும் இருந்தது. படச்சுருள் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி வீதம் ஓடுவது. இரண்டாயிரம் அடிச் சுருளொன்று இருபது நிமிடத்திற்குச் சற்று அதிகமாக நீடிக்கும். கரிக்கோல்களின் சுடரை இடையறாது சரிசெய்தவாறு, ஓர் எறியத்திலிருந்து மற்றையதற்குக் காட்சியை மாற்றும் தொழிலாளியின் கவனம் சிறிது பிசகினாற் திரை இருளும். ஒரே பிரதியை இரு படமாளிகைகள் பகிர்ந்துகொண்ட வேளைகளில், சுருளைச் சுமந்துவரும் சைக்கிள் தாமதித்தாலும் அதே நிலைதான். அவ்வேளைகளில் மண்டபத்தில் எழும் கூச்சலுக்குத் தலைமை தாங்குவது கலரியே. நாயகனின் தோற்றத்திற்குச் சீழ்க்கையடித்ததும், வில்லனை வைததும், நகைச்சுவைக்கு முதலிற் சிரித்ததும் கலரியே. பல்கனியில் இருந்தோர் அச்சிரிப்பை விரும்பினும் விரும்பாவிடினும் கேட்டே ஆகவேண்டும்.

‘கலரி ரசனை’ எனப் படித்தோர் இகழ்ச்சியாகக் கூறியது இதனையே. எமது விமர்சகர்களும் இவ்விகழ்ச்சியிலிருந்து முற்றிலும் விடுபட்டிருந்தனர் எனக் கூறவியலாது. வணிகச் சினிமாவின் மயக்கத்தைக் கண்டிக்கப் புகுந்தவர்கள் அம்மயக்கத்துக்கு ஆட்பட்டதாகக் கருதப்பட்ட உழைக்கும் மக்களையே சில வேளைகளிற் கண்டித்துவிட்டனர். கோயிலிலும் மன்றத்திலும் வாய்திறக்க இடமற்ற ஒருவனுக்கு உரத்துக் குரல் எழுப்ப வாய்த்த இடமாகவும் கலரி இருந்ததென்பது அவர்களது கவனத்தைப் பெறவில்லை.

மறுபுறத்தில், மண்டபத்திலே ஏற்பட்ட நெகிழ்வு திரைக்கு ஏறவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1977 இல் தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய ‘பொன்மணி’ யாழ்ப்பாணத்துச் சாதி, சீதன அமைப்பினை அம்மண்ணிலேயே வைத்துப் படம்பிடித்தது. இன்று அது இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் முக்கிய ஆக்கமாகப் போற்றப்படுகின்றது. அன்று வணிகரீதியில் தோல்வியுற்றது. சென்னைப் படங்களின் இலக்கணத்திற் பழகிய கண்களுக்கு அதன் நிதானம் அந்நியமாயிருந்தமை ஒரு காரணமாகலாம். தமது வீட்டின் உள்விவகாரம் திரையிற் காட்டப்படுவதை நடுத்தர வர்க்கம் விரும்பாமை மற்றொரு காரணமாகலாம். எவ்வாறாயினும், சாதியை வாயிலிற் கேட்காத மண்டபம் சாதியைப் பற்றிய படத்தை ஆதரிக்கவில்லை.

4. அரங்கு இருண்டமை

1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் செயற்படத் தொடங்கி, இறக்குமதியும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இலங்கை முழுவதிலும் படமாளிகைக்குச் சென்றோர் தொகை 1979 இல் ஏழு கோடியைத் தாண்டி உச்சத்தை அடைந்தது. அக்காலத்தில் நாட்டில் ஏறத்தாழ 365 படமாளிகைகள் இருந்தன. அதே 1979 இலே தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. 1982 இல் ரூபவாஹினி தோன்றியது. 1977 இன் திறந்த பொருளாதாரமும் மத்திய கிழக்கு உழைப்பும் வீடியோச் சாதனங்களை வீடுகளுக்குக் கொண்டுவந்தன. 1991 அளவில் பார்வையாளர் தொகை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்துவிட்டது.

படமாளிகையின் வீழ்ச்சிக்குத் தொலைக்காட்சியே காரணமென்னும் இவ்விளக்கம் பல நாடுகளுக்கும் பொதுவானது. வடபகுதியைப் பொறுத்தவரை அது போதியதன்று. இங்கு படமாளிகையை அழித்தது யுத்தம். 1983 யூலை வன்செயலின்போது தெற்கிலே தமிழருக்குச் சொந்தமான பல படமாளிகைகள் எரிக்கப்பட்டன. ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோவும் எரிந்தது. சிங்களப் படங்களை நெறிப்படுத்திய கே. வெங்கட் கொல்லப்பட்டார். சினிமாஸ் நிறுவனத்தின் கே. குணரத்தினம் 1989 இற் சுட்டுக்கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தில் ஊரடங்குச் சட்டம் முதலிற் பறித்தது இரவுக் காட்சியையே. பகல் முழுவதும் உழைப்பவனுக்கு உரிய காட்சி அது. வீதி பாதுகாப்பாக இருந்தாலன்றி அது நடைபெற முடியாது. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டதோடு குடாநாட்டின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் அருகியது. மின்சாரமற்ற மாளிகைகள் ஓய்ந்தன.

ஆனால் படம் பார்த்தல் ஓயவில்லை. மின்பிறப்பாக்கியும் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரு வீட்டு முற்றத்துக்கு வந்தன. அயலவர் பணம் சேர்த்து விடியும்வரை படம் பார்த்தனர். இக்காட்சிகளும் இன்று கூட்டுவாழ்வின் சான்றாக நினைவுகூரப்படுகின்றன. எனினும் ஒரு வேறுபாட்டைக் குறித்தல் அவசியம். யாழ்ப்பாணக் கிராமங்கள் சாதிவாரியான குறிச்சிகளாக அமைந்தவை. எனவே முற்றத்திற் கூடிய அயல், பெரும்பாலும் ஒரே சாதியினரின் அயலாகவே இருந்தது. அறிமுகமற்றவரோடு ஒரு கூரையின்கீழ் இருத்தல் என்னும் நகரத்து அனுபவம், படமாளிகையோடு சேர்ந்தே மறைந்தது. யுத்தத்தால் நேர்ந்த எண்ணற்ற இழப்புகளுள் இதனையும் ஒன்றாகக் கணக்கிடல் வேண்டும்.

5. வாயிலுக்கு நகர்ந்த எல்லை

2009 இல் யுத்தம் முடிவுற்ற பின்னர்ச் சில பழைய படமாளிகைகள் புதுப்பிக்கப்பட்டன. சில வேறு தேவைகளுக்குரிய கட்டடங்களாயின. 2013 இல் யாழ் நகரின் நவீன வணிகத் தொகுதியொன்றினுள் குளிரூட்டப்பட்ட பல்திரை அரங்குகள் திறக்கப்பட்டன. படச்சுருள் வழக்கொழிந்தது, சென்னையில் வெளியாகும் நாளிலேயே இங்கும் படம் வெளியாகின்றது. ஒலி தெளிவானது, ஆசனம் மெத்தையானது. இவற்றை வரவேற்காதிருக்க நியாயமில்லை. பழைய வாங்கின் மூட்டைப்பூச்சியை எவரும் மீட்டெடுக்க விரும்பார்.

மாறியது யாதெனில், வர்க்கப் பிரிவினையின் இடமே. பழைய மாளிகையில் அப்பிரிவினை மண்டபத்தினுள்ளே, வரிசைக்கு வரிசை, கண்ணுக்குத் தெரிய இருந்தது. புதிய அரங்கிலே உள்ளே இருப்போர்க்கிடையில் வேறுபாடு குறைவு. அது மிகச் சமத்துவமாகவே தோன்றும். ஏனெனில் கலரியில் இருந்திருக்க வேண்டியவர் உள்ளே வருவதில்லை. அவர் தமது கைத்தொலைபேசியிலே, தனித்து, அதே படத்தைப் பார்க்கின்றார். அவரது சிரிப்பையும் சீழ்க்கையையும் வேறெவரும் கேட்க வேண்டிய தேவை இன்று இல்லை.

‘எல்லாரும் ஒன்றாக’ என்னும் கூற்றை இப்பின்னணியிலேயே மதிப்பிடல் தகும். எல்லாரும் வந்தனர் என்பது பெருமளவு உண்மை. ஒன்றாக இருந்தனர் என்பது பாதி உண்மை. இதுவரை வெளிவந்த நினைவுக் குறிப்புகளிற் பெரும்பாலானவை கல்வி கற்று எழுத வாய்ப்புப் பெற்றோரால் எழுதப்பட்டவை. கலரியில் இருந்தோர், சுருள் சுமந்தோர், சுவரொட்டி ஒட்டியோர், கரிக்கோற் சுடரோடு கண்ணைக் கெடுத்துக்கொண்ட தொழிலாளர், குடும்பத்தாரின் அனுமதி பெற்றுப் பகற்காட்சிக்கு மட்டும் வந்த பெண்கள் ஆகியோரின் வாய்மொழி இன்னும் போதியளவு பதிவாகவில்லை. அவர்களிற் பலர் முதுமை எய்திவிட்டனர். துண்டுப்பிரசுரங்களும் பாட்டுப் புத்தகங்களும் படமாளிகைக் கணக்கேடுகளும் இடப்பெயர்வுகளின்போது பெரிதும் அழிந்துபோயின. எனவே இப்பணி எமது பல்கலைக்கழக மாணவர்களால் உடனடியாக மேற்கொள்ளப்பட வேண்டியதாகும். அவ்வாறு கேட்கச் செல்வோர் எந்தப் படம் பிடித்தது என்பதோடு, எந்த வாயிலால் உள்ளே சென்றீர்கள் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.