லெகோ வண்டி ஓட மறுக்கிறதா? புது மோட்டார் வாங்கும் முன் நீங்கள் பார்க்க வேண்டியவை

இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து பிளாஸ்டிக் கட்டைகளில் ஒரு டிரக் கட்டி முடித்துவிட்டீர்கள். பேட்டரி போட்டு சுவிட்சைத் தட்டுகிறீர்கள். மோட்டார் முனகுகிறது, சக்கரம் அசையவில்லை. அல்லது தரையில் ஜோராக ஓடுகிறது, சின்னதாக ஒரு மேடு வந்ததும் நின்றுவிடுகிறது.

அந்த நொடியில் நம்மில் பலருக்கும் வரும் முதல் யோசனை இதுதான்: "மோட்டாருக்குப் பவர் பத்தல. பெருசா ஒண்ணு வாங்கணும்."

கொஞ்சம் பொறுங்கள். இப்படி நிற்கும் வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு மோட்டாரில் இருப்பதில்லை. மோட்டார் கொடுக்கும் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், வழியில் எங்கோ உராய்வாக வீணாகிறது. அந்த 'எங்கோ'வைக் கண்டுபிடிப்பது எப்படி, முதலிலேயே அது வராமல் கட்டுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நான் தண்டமாகச் செலவழித்த பணம்தான்.

என் அனுபவம்

அக்கா மகனின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அவனும் நானும் ஒரு டிரக் கட்டினோம். சரிவுப் பலகையில் ஏறிக் காட்ட வேண்டும் என்பது திட்டம். ஏறவில்லை. இன்னும் வலுவான மோட்டார் ஒன்றை ஆர்டர் போட்டேன். அதை மாட்டினோம். அப்போதும் ஏறவில்லை, கூடுதலாக ஒரு கியர் 'டக் டக்' என்று வழுக்கவும் ஆரம்பித்தது. கண்காட்சிக்கு முந்தைய நாள் ராத்திரி அவன் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு ஆக்ஸிலைக் கையில் பிடித்துத் திருகினான். "சித்தி, கையால சுத்தினாலே சுத்த மாட்டேங்குது. மோட்டார் என்ன பண்ணும்?" என்றான்.

ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் நான் புஷ்களை இறுக்கி அழுத்தியிருந்தேன். அவை பீமைக் கவ்விப் பிடித்திருந்தன. அதாவது, பிரேக் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். புஷ்ஷை ஒரு மயிரிழை தளர்த்தியதும் பழைய மோட்டாரே வண்டியை மேலே ஏற்றிவிட்டது.

இந்தியாவில் இந்த மாதிரித் தவறு கொஞ்சம் கூடுதலாகவே செலவு வைக்கும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரியை மத்திய அரசு 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தியது. இறக்குமதியாகும் மோட்டாரைத் தேவையில்லாமல் வாங்குவது சின்ன விஷயம் அல்ல.

மோட்டார்கள்: ஒரு சின்ன அறிமுகம்

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் கியர், ஆக்ஸில் கொண்ட இயந்திர மாடல்களை (இன்றைய டெக்னிக் வரிசை) 1977-இல் கொண்டுவந்தது. மோட்டார்களில் இன்று நம் கையில் அதிகம் புழங்குபவை இரண்டு தலைமுறைகள்: 2007-இல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ், 2018-இல் வந்த பவர்டு அப். இரண்டின் இணைப்பிகளும் வேறு; ஒன்றை மற்றொன்றில் நேரடியாகச் செருக முடியாது. பழைய செட்டுக்குப் புது மோட்டார் தேடுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதை.

பவர் ஃபங்ஷன்ஸ் மோட்டார்களை ஆர்வலர்கள் 9 வோல்ட்டில் அளந்து பார்த்திருக்கிறார்கள். தோராயமான எண்கள் இவை:

- எம் மோட்டார்: சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 405 சுற்று, அதிகபட்ச முறுக்குவிசை 11 நியூட்டன்-செ.மீ.
- எல் மோட்டார்: 390 சுற்று, 18 நியூட்டன்-செ.மீ.
- எக்ஸ்எல் மோட்டார்: 220 சுற்று; 40 நியூட்டன்-செ.மீ.

இதில் 'அதிகபட்ச முறுக்குவிசை' என்ற சொல்லில் ஏமாந்துவிடாதீர்கள். மோட்டார் சுற்றவே முடியாமல் நின்றுபோகும் புள்ளி அது. சுமை ஏற ஏற வேகம் குறையும், இழுக்கும் மின்சாரம் கூடும். நிற்கும் புள்ளிக்குப் பக்கத்தில் மோட்டாரை ஓட்டினால் அது சூடாகும், பேட்டரி சீக்கிரம் காலியாகும். அதிகபட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் வேலை வாங்கினால் மோட்டார் நிம்மதியாக ஓடும்.

மேட்டில் ஏறுமா? கட்டும் முன்பே கணக்குப் போடலாம்

கியர் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும். மேடு வந்தால் சின்ன கியருக்கு மாறுவோம். கால் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும், ஆனால் ஏறிவிடும். இங்கேயும் அதேதான். வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறோம். 8 பல் கியர் 24 பல் கியரைச் சுற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும், முறுக்குவிசை (உராய்வு போக) மூன்று மடங்காகும்.

ஒரு உதாரணம். வண்டி எடை 1 கிலோ. சக்கர விட்டம் 62.4 மி.மீ. சரிவு 30 டிகிரி.

- சரிவில் வண்டியைக் கீழே இழுக்கும் விசை: 1 × 9.8 × 0.5 = 4.9 நியூட்டன்.
- சக்கரத்தின் ஆரம் சுமார் 3.1 செ.மீ. ஆகவே சக்கரத்துக்குத் தேவையான முறுக்குவிசை: 4.9 × 3.1 = சுமார் 15 நியூட்டன்-செ.மீ.

எல் மோட்டாரை நேரடியாகச் சக்கரத்தில் மாட்டினால் என்ன ஆகும்? அதன் உச்சமே 18. பதினைந்தும் வழியில் வரும் உராய்வும் சேர்ந்தால் வண்டி முக்கி முனகி நின்றுவிடும். 8-க்கு 24 கியர் போட்டால் மோட்டாருக்கு வரும் சுமை 5. உராய்வையும் சேர்த்தால் சுமார் 6. அது 18-இல் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சுமையில் மோட்டார் சுமார் 260 சுற்றில் ஓடும், சக்கரம் சுமார் 87 சுற்றில் ஓடும். வண்டி மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சரிவில் ஏறும். பொம்மை டிரக்குக்கு இது தாராளம்.

இன்னொன்றையும் பாருங்கள். 'கெத்தா இருக்கும்' என்று இரண்டு மடங்கு பெரிய சக்கரம் போட்டால் தேவையான முறுக்குவிசையும் இரண்டு மடங்காகிவிடும். அழகுக்காகச் சக்கரத்தை மாற்றிய பிறகு வண்டி நின்றுபோவது இதனால்தான்.

கியர்களுக்கு இடையே எத்தனை துளை?

கட்டையின் துளைகள் 8 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. கியரின் பற்களைப் பாதியாக்கினால் அதன் ஆரம் மி.மீ.-இல் கிடைத்துவிடும். 8 பல் என்றால் 4 மி.மீ., 24 பல் என்றால் 12 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு துளை தூரம். இதே கணக்கில் 12-ம் 20-ம் இரண்டு துளைக்கு, 8-ம் 40-ம் மூன்று துளைக்கு, 24-ம் 40-ம் நான்கு துளைக்கு. ஆனால் 16-ம் 24-ம் சேர்ந்தால் 20 மி.மீ., இரண்டரைத் துளை. அதற்கு அரைத் துளை தள்ளி வைக்கும் பாகங்கள் வேண்டும். 'எப்படியோ நுழைந்துவிட்டது' என்று கட்டையை வளைத்துப் பொருத்தினால், பின்னால் அதற்கான விலையை உராய்வாகக் கொடுப்பீர்கள்.

கட்டும்போதே கவனிக்க வேண்டிய நான்கு விஷயங்கள்

*1. சட்டகம் இறுகியிருக்க வேண்டும்.* சுமை வரும்போது இரண்டு கியர்களும் ஒன்றையொன்று தள்ளும். சட்டகம் வளைந்துகொடுத்தால் பற்கள் விலகி 'டக் டக்' என்று தாவும். அதனால் கியரின் இரண்டு பக்கமும் ஆக்ஸிலுக்குத் தாங்கல் கொடுங்கள். குமிழ் உள்ள பழைய பாணிக் கட்டைகளில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கட்டையின் உயரம் 9.6 மி.மீ.; அதனால் ஒன்றின் மேல் ஒன்றாக நேரடியாக அடுக்கினால் துளைகள் 8 மி.மீ. கணக்குக்குள் வராது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே 3.2 மி.மீ. தட்டுகள் இரண்டை வைத்தால் துளைகளின் தூரம் 16 மி.மீ. ஆகிவிடும். இப்போது செங்குத்தாக ஒரு பீமைப் பின் போட்டு இறுக்கிவிடலாம். கட்டைகள் பிரிந்து வரவே வராது.

*2. வேகக்குறைப்பைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.* மோட்டார் அருகிலேயே விசையை ஏற்றிவிட்டால், அதன் பிறகு வரும் நீள ஆக்ஸில், யுனிவர்சல் ஜாயின்ட் எல்லாம் அந்த முழு விசையையும் சுமக்க வேண்டும். பிளாஸ்டிக் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும், ஜாயின்ட் கழன்றுவிடும். வழியெல்லாம் வேகமாக, லேசாகச் சுற்றவிட்டு, கடைசிக் கட்டத்தில் விசையைக் கூட்டுங்கள்.

*3. கியர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.* ஒவ்வொரு ஜோடியும் கொஞ்சம் சக்தியைத் தின்னும். அதோடு ஒவ்வொன்றிலும் சிறு ஆட்டம் இருக்கும். ஸ்டீயரிங்கில் அது எல்லாம் சேர்ந்து, நேராகப் போக வேண்டிய வண்டியைக் கோணலாக்கும்.

*4. முட்டி நிற்கும் இடங்களில் பாதுகாப்பு வேண்டும்.* கிரேனின் கை மேலே போய் முட்டிய பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒன்று உடையும். 24 பல் கிளட்ச் கியரை இடையில் போட்டால், சுமை எல்லை மீறும்போது அது வழுக்கிவிடும். வார்ம் கியர் 24 பல் கியரோடு சேர்ந்தால் ஒரே ஜோடியில் 24-க்கு 1 என வேகத்தைக் குறைக்கும். தூக்கிய பாரம் தானாக இறங்காமலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் உராய்வு அதிகம். ஓடும் வண்டியின் சக்கரத்துக்கு அது சரிவராது. கிரேன், லிஃப்ட் போன்றவற்றுக்குப் பொருந்தும்.

வண்டி நின்றுவிட்டது. எங்கிருந்து தேடுவது?

மென்பொருளில் பிழை தேடுவது போலத்தான். பாதியாகப் பிரித்துப் பிரித்துப் பாருங்கள்.

முதலில் மோட்டாரை மட்டும் தனியாகக் கழற்றி ஓட்டுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பிரச்சினை மீதமுள்ள பகுதியில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, மோட்டார் மாட்டும் ஆக்ஸிலை விரலால் சுற்றுங்கள். முழுச் சுற்றும் ஒரே சீராக, லேசாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் நடுவில் ஒரு கியரைக் கழற்றிவிட்டு இரண்டு பாதியையும் தனித்தனியே சுற்றுங்கள். எந்தப் பாதி இறுகுகிறதோ அதை மறுபடியும் பாதியாக்குங்கள். நாலைந்து முறையில் குற்றவாளி ஆக்ஸில் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் இந்தப் பட்டியலைப் பாருங்கள்:

- எப்போதும் இறுக்கம்: புஷ் பீமை அழுத்துகிறது. ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள்.
- ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் இறுக்கம்: ஆக்ஸில் முறுக்கியிருக்கலாம் அல்லது கியர் பல்லில் சேதம் இருக்கலாம். ஆக்ஸிலைக் கழற்றி மேசையில் உருட்டிப் பாருங்கள்.
- தூக்கிப் பிடித்தால் ஓடுகிறது, தரையில் வைத்தால் நிற்கிறது: எடையில் சட்டகம் வளைகிறது. அல்லது கியர் விகிதம் போதவில்லை.
- ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை: டிஃபரன்ஷியலின் இயல்பு அது. பிடிப்பில்லாத சக்கரத்துக்கே சுழற்சி போய்விடும்.
- இரண்டு மோட்டார், ஆனால் ஒன்றைவிட மோசம்: எதிரெதிரே மாட்டியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்றின் திசையை மாற்றுங்கள்.
- சில நிமிடம் ஓடி நிற்கிறது, ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறது: வெப்பப் பாதுகாப்பு வேலை செய்கிறது. மோட்டார் பழுதாகவில்லை, அதிகச் சுமை சுமக்கிறது.
- காலையில் ஏறிய சரிவில் மாலையில் ஏறவில்லை: பேட்டரி. ஆறு ஆல்கலைன் பேட்டரி புதிதாக 9 வோல்ட் தரும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், மொத்தம் 7.2. வேகம் அதற்கேற்பக் குறையும். பழசையும் புதுசையும் கலந்து போடாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

தரவுகளோடு வேலை செய்பவளாக நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். கியரையும் மாற்றி, புஷ்ஷையும் தளர்த்தி, பேட்டரியையும் மாற்றினால் வண்டி ஓடலாம். ஆனால் எதனால் ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த வண்டியில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தரையில் இரண்டு மீட்டர் அளந்து டேப் ஒட்டுங்கள். ஒரு மாற்றம் செய்யுங்கள், மூன்று முறை ஓட்டுங்கள், எத்தனை வினாடி என்று செல்போனில் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அடுத்த மாற்றம்.

வீட்டில் குழந்தை இருந்தால் அந்தத் தாளை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது எழுதுவது அக்கா மகன்தான். நான் அவசரப்பட்டு வாங்கிய அந்த மோட்டார் டப்பாவிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை வண்டி நிற்கும்போதும் நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். "முதல்ல கையால சுத்திப் பாருங்க சித்தி" என்பான்.