கழுமரக் காட்டின் அரசன்

ருமேனியாவில் பயணிகளை முதலில் பிரான் கோட்டைக்கே அழைத்துச் செல்வர். இரத்தம் குடிக்கும் பிரபுவின் இல்லமாம் அது! வலாக்கியாவை ஆண்ட மூன்றாம் விளாட் அங்கு வாழ்ந்தவனல்லன். 1897-இல் 'டிராகுலா' நாவலை வெளியிட்ட பிராம் ஸ்டோக்கரோ அந்நாட்டு மண்ணையே மிதித்ததில்லை. டிராகன் வீரர் சபையில் சேர்ந்த தந்தை 'டிராகுல்' எனப்பட்டமையால் மகன் டிராகுலா ஆனான். பெயரின் கதை அவ்வளவே.

தர்கோவிஷ்டே நகரில்தான் நம் கால்கள் தயங்க வேண்டும். 1462-இல் படையெடுத்து வந்த சுல்தான் இரண்டாம் முகமது, அதனருகே கழுவேற்றப்பட்ட மனிதரின் காடொன்றைக் கண்டான். 20,000 பேர் என்றெழுதினார் கிரேக்க வரலாற்றாசிரியர் கால்கோகொண்டிலஸ். எண்ணிக்கை மிகையாயிருக்கலாம், கொடுமை மிகையன்று. ஆயினும் 1976-இல், அவன் இறந்து ஐந்நூறாண்டு நிறைந்ததென, பொதுவுடைமை அரசு அவனை நாட்டின் காவலனாகக் கொண்டாடியது. பேயாக்கினாலும் வீரனாக்கினாலும், கழுவில் மாண்டோரை நாம் மறந்துவிடுகிறோம். அவர்களுள் ஒருவர் பெயரையும் எந்த வழிகாட்டியும் நமக்குச் சொல்வதில்லை.