பரப்பும் உயரமும்: தருமபுரி நில அளவையின் வரலாறு

1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் தருமபுரி அடங்கிய பாரமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியபின், அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழ் தருமபுரியில் தங்கிப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் வயல்களை அளந்து தீர்வை விதிக்கும் பணியை மேற்கொண்டனர். உழவரிடமிருந்தே நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறையாகப் பின்னாளில் வளர்ந்த அந்த அளவை நிலத்தின் பரப்பையும் தரத்தையும் பதிவு செய்தது. வரிக்குத் தேவைப்படாத உயரம் கணக்கில் சேரவில்லை. உயரத்தை அறிந்திருந்தவை ஏரிகளே. மிகுநீர் வழியும் கலிங்கின் மட்டம், கரைக்குள் எவ்வளவு நீர் நிற்கும், எந்த வயல் நனையும் என்பதை ஊருக்கு உணர்த்தியது.

1802-இல் வில்லியம் லாம்டன் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவை, குன்றுகளின் உயரத்தைக் கோணங்களைக் கொண்டு கணித்தது. சராசரிக் கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, இடத்துக்கு இடம் ஏற்ற இறக்கத்தை நேரடியாக அளந்து செல்லும் மட்ட அளவையின் முதல் அகில இந்திய வலையமைப்போ 1858 முதல் 1909 வரை நீண்ட உழைப்பால் உருவானது. எனினும் 1:50,000 அளவுத்திட்ட நிலவரைபடங்களில் சம உயரக்கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், பொதுவாக 20 மீட்டர் இடைவெளியிலேயே வரையப்பட்டதால், ஆற்றங்கரைச் சமவெளியின் சிறு மேடுபள்ளங்கள் அவற்றுக்கிடையே மறைந்துபோயின. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் உலகின் பெரும்பகுதியை அளந்தபோதும், உயரப் பிழை 16 மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பதே அதன் இலக்காக இருந்தது. காடடர்ந்த இடங்களில் அந்த ரேடார் தரையைவிட மரமுகட்டின் உயரத்தையே பெரிதும் பதிவு செய்தது.

இத்தகைய உயரப் பிழையின் விளைவு நிலத்தின் சாய்வைப் பொறுத்தது. ஒகேனக்கல்லில் செங்குத்தான பாறைகளுக்கிடையே பாயும் காவிரியில் ஒரு மீட்டர் பிழை வெள்ள எல்லையைச் சில அடிகளே நகர்த்தும்; 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே தாழும் சமவெளியிலோ அதே பிழை எல்லையை அரை கிலோமீட்டர் தள்ளிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் எச்சமாக ஒரே நாளில் அரூரில் 33 செ.மீ., அண்டையிலுள்ள ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டித் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது, ஒரு வீடு ஆபத்து எல்லைக்கு உள்ளா வெளியா என்பதைத் தீர்மானித்தது இத்தகைய சிறு உயர வேறுபாடே. ஆகவே வரைபடத்தில் பாதுகாப்பானதெனக் குறிக்கப்பட்ட தெரு உண்மையில் தாழ்ந்திருக்குமாயின், அங்கு வாழ்வோர் எச்சரிக்கையின்றி விடப்படுவர்.

வெள்ளம் சுவரில் விட்டுச்சென்ற கறையையும் கலிங்கின் தலைமட்டத்தையும் கடல்மட்டத்தோடு இணைத்து அளந்தால் வரைபடத்தின் பிழை வெளிப்படும். வயலின் பரப்பைத் தீர்வைக்காக அங்குலம் பிசகாமல் அளக்க முனைந்த மாவட்டத்தில், உயிர்காக்கும் உயரமும் அதே கண்டிப்புடன் அளக்கப்படுவதே முறை.