ஹார்ட் டிஸ்க்குக்கும் உண்டு பாகப்பிரிவினை

சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997 ஜனவரி 1ஆம் தேதி. அதற்கு முன்பே, 1965இல், தருமபுரி பிரிந்து போயிருந்தது. இரண்டு முறையும் நிலம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. திருச்செங்கோட்டு மலை இருந்த இடத்திலேயேதான் இருந்தது. மாறியது எல்லைக்கோடும், எந்த ஊர் எந்தக் கலெக்டர் ஆபீசைச் சேர்ந்தது என்ற பதிவேடும்தான்.

கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை 'பார்ட்டிஷன்' செய்வதும் இப்படித்தான். சி டிரைவ், டி டிரைவ் என்கிறோமே, பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே டிஸ்க்தான். 1983 மார்ச்சில் ஐபிஎம் நிறுவனம் 10 எம்பி டிஸ்க்குடன் பிசி எக்ஸ்டி கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அதனுடன் வந்த டாஸ் 2.0இல்தான் 'எஃப்டிஸ்க்' என்ற பாகம் பிரிக்கும் கட்டளை முதலில் இருந்தது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் ஒரு சிறு அட்டவணை இருக்கும். நான்கு பாகங்கள், பாகத்துக்கு 16 பைட், ஆக மொத்தம் 64 பைட். யாருக்கு எங்கிருந்து எதுவரை என்ற பாகப்பிரிவினைப் பத்திரமே அவ்வளவுதான். அது அழிந்துபோனால் சொத்து அப்படியே இருக்கும், ஆனால் எல்லை தெரியாது. சர்வே கல்லைப் பிடுங்கிய வயல் மாதிரி.

நான் வேலை பார்த்தது வங்கியில். 1984இல் வந்த ரங்கராஜன் கமிட்டி அறிக்கைக்குப் பிறகுதான் நம் வங்கிகளில் கம்ப்யூட்டர் மெல்ல நுழைந்தது. தொண்ணூறுகளில் நான் இருந்த கிளையில் யூனிக்ஸ் இயந்திரம். மவுஸ் கிடையாது, படம் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். நாள் முடிவில் 'டார்' என்று தட்டினால் அன்றைய கணக்கு முழுவதும் நாடாவில் ஏறும். ('டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கம் அது. ரோட்டுக்குப் போடும் தார் அல்ல!) நாடாக்களைச் சுழற்றுவதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். தினசரி நாடா மகன், வாரக் கடைசி நாடா அப்பா, மாதக் கடைசி நாடா தாத்தா. மகன் பழுதானால் அப்பாவிடம் போகலாம், அப்பாவும் பழுதானால் தாத்தா இருக்கிறார். உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பெயரே இதுதான். தாத்தா நாடா எங்கள் கிளையில் இருக்காது, பக்கத்து ஊர்க் கிளையின் லாக்கரில் இருக்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய பாடம் வேறொன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்கள் சிஸ்டம் ஆபீசர் ஏதாவது ஒரு நாளின் நாடாவை எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் திருப்பி ஏற்றுவார். அதிலிருந்து டிரையல் பேலன்ஸ் எடுத்து, அந்த நாளில் அச்சடித்து வைத்த தாளோடு டிக் போடச் சொல்வார். பைசா வரை டேலி ஆனால்தான் அவருக்கு அது நகல். "டேலி ஆகற வரைக்கும் அது வெறும் பிளாஸ்டிக்குங்க" என்பார். இளைஞர்களான எங்களுக்கு அது வீண் வேலையாகப் பட்டது.

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. ஒரே ஒரு வாக்கில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்து, மக்களவை கலைக்கப்பட்ட நாள். அன்று உலகம் முழுவதும் சிஐஎச் என்ற வைரஸ் விழித்துக்கொண்டது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் 1998இல் எழுதியது. செர்னோபில் விபத்து நடந்ததும் ஒரு ஏப்ரல் 26 என்பதால் அந்தப் பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. தென் கொரியாவில் மட்டும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் படுத்தன. விண்டோஸ் 95, 98 உள்ள கம்ப்யூட்டரில் டிஸ்க்கின் முதல் ஒரு எம்பியை அது பூஜ்யத்தால் நிரப்பிவிடும். சில மதர்போர்டுகளின் பயாஸ் சில்லையும் அழித்துவிடும்.

எங்கள் யூனிக்ஸை அது தொடவில்லை. ஆனால் நாமக்கல்லில், பரமத்தி ரோட்டில் எனக்குத் தெரிந்த இரண்டு லாரி ஃபைனான்ஸ் ஆபீசுகளில் புகுந்துவிட்டது. "சார், அஞ்சு வருசக் கணக்குங்க. தவணை யாரு எவ்வளவு கட்டுனாங்கன்னே தெரியலைங்க" என்று ஒருவர் கிளைக்கே வந்து நின்றார்.

இரண்டு ஆபீசுக்கும் ஒரே வைரஸ்தான், முடிவு மட்டும் வேறு. முதல் ஆபீசில் டிஸ்க்கைச் சி, டி என்று பிரித்து, கணக்கை டியில் வைத்திருந்தார்கள். அழிந்தது முதல் ஒரு எம்பிதானே? டியின் தலைமாட்டில் இருந்த அதன் சொந்த விவரம் தப்பிவிட்டது. ஈரோட்டிலிருந்து வந்த இன்ஜினியர் டி தொடங்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, அந்த 64 பைட் அட்டவணையை மறுபடி எழுதினார். கணக்கு அத்தனையும் வந்துவிட்டது. மற்ற ஆபீசில் பழைய 'ஃபேட் 16' முறையில் ஒரே சி டிரைவ். அந்த முறையில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும், அதன் இரண்டாவது பிரதியும், முதன்மைப் பட்டியலும் எல்லாமே அந்த முதல் எம்பிக்குள் அடங்கிவிடும். மூன்றும் ஒரே அடியில் போயின. அசலும் நகலும் ஒரே பீரோவில்!

அவர்களிடம் நகல் இல்லாமல் இல்லை. சுருக்கி, பதினொரு ஃபிளாப்பியில் பிரித்து, வாராவாரம் தவறாமல் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். நான்காவது ஃபிளாப்பி படிக்கவில்லை. அது இல்லாமல் மற்றவை விரியவும் இல்லை. அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அதைத் திருப்பி ஏற்றிப் பார்த்ததில்லையாம். கடைசியில் ரசீதுக் கட்டுகளை வைத்துக் கையால் லெட்ஜர் எழுதினார்கள். ஆடி முடியும் வரை எழுதினார்கள்.

அதற்குப் பிறகு டிஸ்க்கையே முழுசாக நகல் எடுக்கும் பழக்கம் நம் பக்கம் பரவியது. கம்ப்யூட்டர் சென்டர்களில் 'கோஸ்ட் போடுவது' என்பார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் முர்ரே ஹாசார்ட் உருவாக்கியது அந்த மென்பொருள். 1998இல் சைமன்டெக் அதை வாங்கியது. ஆனால் அதற்கும் மூத்தது யூனிக்ஸின் 'டிடி'. எழுபதுகளிலிருந்து இருக்கும் கட்டளை. பழைய ஐபிஎம் பெரிய கம்ப்யூட்டர்களின் 'டேட்டா டெஃபினிஷன்' வரியிலிருந்து வந்த பெயர். எங்கிருந்து என்பதற்கு 'ஐஎஃப்', எங்கே என்பதற்கு 'ஓஎஃப்'. இரண்டையும் மாற்றித் தட்டினால் காலி டிஸ்க் நல்ல டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். 'டிஸ்க் டெஸ்ட்ராயர்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

டிடிக்குப் பயிரும் தரிசும் ஒன்றுதான், காலி இடத்தையும் சேர்த்தே பெயர்க்கும். 300 ஜிபி டிஸ்க் என்றால் பழைய யூஎஸ்பியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். பயிர் உள்ள இடத்தை மட்டும் பெயர்க்கும் 'குளோன்ஸில்லா' பின்னால் வந்தது. இலவசம். அதுவும் தைவானிலிருந்துதான், அங்கே உள்ள தேசியக் கணினி மையத்தின் வேலை.

2011 செப்டம்பர் 15 முதல் அரசு கொடுத்த மாணவர் லேப்டாப்களில் விண்டோஸும், சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்க்கில் தனித்தனிப் பாகமாக இருந்தன. அப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு, லேப்டாப் வந்த வாரமே டிடியால் முழு நகல் எடுத்துக் கொடுத்தேன். நகலுக்கும் அசலுக்கும் 'எம்டி5சம்' போட்டு, இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையில் கொடுப்பேன். எங்கள் டிரையல் பேலன்ஸ் டிக்குக்கு இது தம்பி முறை.

நம் வயதில் கம்ப்யூட்டரில் இருப்பது பேரன் பேத்தி படங்களும், பட்டா, பத்திர ஸ்கேன்களும், பென்ஷன் காகிதங்களும்தான். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, மகன் அல்லது மகள் வீட்டில் வையுங்கள். அடுத்த முறை அங்கே போகும்போது அவர்கள் கம்ப்யூட்டரில் சொருகி, நாலு படத்தையும் ஒரு பத்திரத்தையும் திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. பதினொரு ஃபிளாப்பி வைத்திருந்தவர் செய்யாமல் விட்டது அது ஒன்றைத்தான்.